புதன்கிழமை தாத்தா

மருத்துவமனையின் கூட்ட அறையில் அப்பாவின் படத்தைத் திறந்துவைத்ததும், மூன்றாவது வரிசையில் ஒரு சிறுமி நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டாள். "அம்மா, புதன்கிழமை தாத்தா!"

பக்கத்திலிருந்த பெண் பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினாள். கண்களிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

முன்வரிசையில் இருந்த மகள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். முன்பின் பார்த்த முகம் இல்லை. தெரிந்தவர் போய்விட்டாரே என்று அழுகிற அழுகையாகவும் அது இல்லை. வீட்டு மனுஷி அழுகிற அழுகை.

மேடையில், வார்டில் கூடவே வேலை பார்த்த ஆயாம்மா பேசிக்கொண்டிருந்தார்.

"தீக்காய வார்டுல முப்பத்தோரு வருஷம் நர்ஸா இருந்தாரு. அவர் கட்டுப் பிரிச்சா குழந்தைகூட அழாது. தண்ணி கேட்டு யாராவது கத்தினா, 'நான் கொடுத்துடுவேன்ப்பா, அந்த டாக்டர்தான் விட மாட்டேங்கறார்'னுவாரு. டாக்டர் பாவம், வார்டுப் பக்கமே வந்திருக்க மாட்டாரு. திட்டு முழுக்க டாக்டருக்கு, கும்பிடு முழுக்க இவருக்கு!"

அறையே சிரித்தது. அழுதுகொண்டிருந்த செவிலியர்கள்கூடச் சிரித்தார்கள். மகளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. புதன்கிழமை என்ற சொல் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது.

ஓய்வுபெற்ற ஏழு வருடமும் அப்பா புதன்கிழமை தவறாமல் காலையில் கிளம்பிவிடுவார். "படுத்த படுக்கையா கெடக்கறவங்க வீட்டுக்குப் போய்க் கட்டுப் போட்டுட்டு வர்றேம்மா" என்பார். பையில் பஞ்சும் துணிச்சுருளும் எடுத்துவைப்பது, கல்யாணத்துக்குப் பிறகும் அவரோடேயே இருந்த மகள்தான். இருட்டும் நேரத்தில் திரும்புவார்.

ஏழு வருடம், அத்தனை புதன்கிழமை. இந்த வயதில் அப்பாவுக்கு இன்னொரு வீடா?

நினைக்கவே கூசியது. அம்மா போனபோது அவளுக்குப் பத்து வயது, தம்பிக்கு எட்டு. இராப்பணி முடிந்து வந்த கையோடு அப்பா சமைப்பார். அவளுக்குத் தலை பின்னிவிடுவார். கட்டுச் சுற்றுகிற மாதிரியே இறுக்கிப் பின்னுவார். பள்ளிக்கூடம் விடுகிறவரை ஒரு முடி கலையாது. அந்த மனிதரா?

தம்பி விஷயம் ஒன்றில்தான் அவர் கல்லாக இருந்தார். ஒன்பது வருடத்துக்கு முன்பு, சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்டான் என்று அவனை வீட்டை விட்டு வெளியேற்றினார். "இனிமே அவன்கூட நீ ஒரு வார்த்தை பேசினாலும் நான் உனக்கு அப்பா இல்ல" என்று மகளின் கையைப் பிடித்து வாக்கு வாங்கினார்.

அவள் காப்பாற்றினாள். தன் கல்யாணத்துக்குத் தம்பியைக் கூப்பிடலாம் என்று காலில் விழாத குறையாகக் கேட்டும் அப்பா அசையவில்லை. ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் தம்பி, "அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடிவந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டி ஏறிவிட்டாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா இறந்த சேதியைக்கூட அவனுக்குச் சொல்லி அனுப்பவில்லை.

கூட்டம் முடிந்ததும் அந்தப் பெண் குழந்தையை இழுத்துக்கொண்டு விடுவிடுவென்று நடந்தாள். மகள் தாழ்வாரத்தில் ஓடிப்போய் மறித்தாள்.

"நில்லுங்க. எங்கப்பாவுக்கு நீங்க என்ன வேணும்?"

"உங்ககிட்ட பேசக் கூடாதுன்னு சொல்லித்தாங்க அவர் என்னை உள்ள அனுப்பினாரு."

"எவர்?"

அந்தப் பெண் வாசல் பக்கம் பார்த்தாள். "உங்க தம்பி. நான் அவர் பெண்டாட்டி, அண்ணி."

மகள் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். "அப்போ... அப்பா புதன்கிழமை வந்தது?"

"எங்க வீட்டுக்குத்தான். இவ பொறந்ததிலேர்ந்து. வந்தா இவளைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, தூங்கவெச்சுட்டுத்தான் கிளம்புவாரு."

ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது. அடுத்த கணம் வயிறு எரிந்தது. அவள் வாயைக் கட்டிப் போட்டுவிட்டு, அவர் மட்டும் வாராவாரம் போய் மகனோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். அவள் கையாலேயே பையையும் கட்டி வாங்கிக்கொண்டு!

தம்பி வாசலுக்கு வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒதுங்கி நின்றான். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. அவளைக் கண்டதும் இரண்டடி பின்னால் போனான்.

"வாசல்ல ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துத்தான் வந்தோம்க்கா. படத்தை மட்டும் பார்த்துட்டு வரச் சொன்னேன். உனக்குத் தொந்தரவு கொடுக்கணும்னு இல்ல. இதோ கிளம்பிட்டோம்."

"எங்கடா கிளம்பறே?" அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "ஒன்பது வருஷம்டா! உன்கிட்ட பேசினா அப்பாவே இல்லன்னு சொன்ன மனுஷன், எனக்குத் தெரியாம உன் வீட்டுல வந்து உட்கார்ந்திருக்காரு. நீயாவது ஒரு வார்த்தை சொல்லியனுப்பக் கூடாதா? அவர் பேச்சைக் கேட்டு நானும் ஒரு பைத்தியக்காரி, உன்னைத் தலை முழுகிட்டு உட்கார்ந்திருந்தேனே!"

தம்பி அவள் கையை விலக்கவில்லை. புரியாதவன் போல மெதுவாகக் கேட்டான்.

"அப்பா அத்தனை தடவை கெஞ்சியும், நீதானேக்கா என்னைப் பார்க்கவே மாட்டேன்னுட்டே?"