நிச்சயதார்த்தத்தன்று வளர்ந்த தாடி

சிதம்பரத்தில் எங்கள் வீட்டில் அன்று மகள் காயத்ரிக்கு நிச்சயதார்த்தம். மகன் மணிவாசகம் வாங்கித் தந்திருந்த எண்ணெயைத் தாடையில் தேய்த்து, ஊறவிட்டு, நுரை போட்டு வழித்தேன். பிளேடு வழுக்கிக்கொண்டு போனது. எரிச்சலே இல்லை.

வேட்டி கட்டி வந்ததும் மனைவி பட்டம்மாள் முறைத்தாள்.

"என்னங்க, கருமாதிக்கா போறீங்க? தாடியப் பாருங்க."

தடவினேன். பத்து நாள் தாடி இருந்தது.

எங்கள் குடும்பத்தில் சாவு விழுந்தால் இறந்தவருக்குச் சவரம் செய்து குளிப்பாட்டுவோம். மற்றப் பங்காளிகள் கருமாதிவரை முகத்தில் கத்தி வைப்பதில்லை. சம்பந்தி முன்னால் இந்தக் கோலத்தில் நின்றால் மானம் போய்விடும். மறுபடி எண்ணெய் தேய்த்து வழித்தேன். முகம் துடைப்பதற்குள் வளர்ந்துவிட்டது.

கடலூரிலிருந்து தம்பி சுப்புராயன் வந்தான். அவனுக்கும் தாடி.

"காலைலதாண்ணே வழிச்சேன், சாமி சத்தியமா."

பின்னால் வந்த சித்தப்பா மகன்களும் துண்டால் தாடையை மறைத்துக்கொண்டார்கள்.

மாப்பிள்ளை வீட்டாரின் வேன் வாசலில் நின்றது. அவர்களை அழைத்துவரக் கம்மாபுரம் போயிருந்த மணிவாசகம் முதலில் இறங்கினான்.

"என்னப்பா, எல்லாரும் இப்படி நிக்கிறீங்க?" என்று சிரித்தான்.

அவன் முகம் மட்டும் வழவழவென்று இருந்தது. சம்பந்தி என்னைப் பார்த்துக் கைகூப்பினார். பதிலுக்குக் கைகூப்பாமல் மகனின் தாடையைத் தடவிப் பார்த்தேன். ஒரு முடிகூட இல்லை.