பளபளப்புத் திரையில் கடல்

கடலின் நடுவில் லெசியேலியின் வெள்ளைச் சட்டை மிதந்தது.

அவள் இடப்பக்கம் சாய்ந்தாள். சட்டையும் சாய்ந்தது. அது விட்டுப்போன இடத்து அலைகளை அவசரமாகப் பார்த்துவிட்டு வலப்பக்கம் சாய்ந்தாள். ஒரு படத்துக்கு இரண்டு சாய்வு. இன்னும் ஆயிரத்து நூறு படங்கள் பாக்கி இருந்தன.

அவள் கணவன் மனாசே மீன்பிடிக்கப் போய் இது ஐந்தாம் நாள். சொந்தக்காரர்கள் வாடகைக்குப் பிடித்துக்கொடுத்த சின்ன விமானம் இரண்டு நாளாக டோங்காவின் ஹாபாய் தீவுகளுக்கு மேற்கே பறந்து, கடலைத் துண்டு துண்டாகப் படமெடுத்துக் கொடுத்திருந்தது. தேடுகிற படகுக்கு இன்னும் ஒரே ஒரு முறை போய்வரத்தான் பெட்ரோல் இருந்தது. அடுத்த கப்பல் திங்கட்கிழமை. இருட்டுவதற்குள் எந்தத் திசையில் போவது என்று லெசியேலி பார்த்துச் சொல்லியாக வேண்டும்.

பள்ளிக்கூடத்துக் கணினி அறையில் இரண்டு திரைகள்தான் உயிரோடு இருந்தன. ஒன்று மங்கல் திரை. இன்னொன்று பளபளப்புத் திரை.

மங்கல் திரை சாது. எதையும் திருப்பிக் காட்டாது, கண்ணையும் உறுத்தாது. ஆனால் மேலே மாவு தூவினாற்போல ஒரு சொரசொரப்பு. மனாசேயின் படகு நீல நிறம். அந்தத் திரையில் அது கடலில் கரைத்த பெருங்காயம்தான்.

பளபளப்புத் திரையில் நீலம் ஏழெட்டு நீலமாகப் பிரிந்தது. நுரை தனியாக, பாறை தனியாக, மிதக்கும் தென்னை மட்டை தனியாகத் தெரிந்தன. படகு இருந்தால் இதில்தான் அகப்படும். ஆனால் கடலைக் காட்டுகிற சாக்கில் இது அறையையும் சேர்த்துக் காட்டியது. ஜன்னலுக்குப் போர்வை போட்டாயிற்று. விளக்கை அணைத்தாயிற்று. திரையின் வெளிச்சமே அவள் சட்டையில் பட்டுத் திரும்பிப் போய்க் கடல்மேல் உட்கார்ந்தது. அதை எதைக் கொண்டு மூடுவது?

நேற்று அதனால்தான் கெட்டது. அலைக்கு நடுவே வெள்ளையாக எதையோ கண்டு, "அதோ, அவரு!" என்று கத்திவிட்டாள். தேடுகிற படகு அங்கே போய் வெறும் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. அந்த வெள்ளை அடுத்த படத்திலும் அதே இடத்தில் இருந்தது. அதற்கடுத்த படத்திலும் இருந்தது. அவளுடைய சட்டைக் கழுத்தின் ஓரம். அரை நாள் போயிற்று. யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு திட்டுத் திட்டியிருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும்.

கணினிகளைப் பார்த்துக்கொள்கிற தானியேலா மனாசேக்குச் சித்தி மகன். லெசியேலியின் முதுகுக்குப் பின்னால் நின்று அந்தச் சாய்வுகளைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல் சொன்னான்.

"இந்தத் திரைக்கு ஒரே வழிதான் அண்ணி. போட்டோக்காரங்க செய்யறதுதான். கறுப்புச் சட்டை போட்டுக்கிட்டு உக்காந்தா ஒண்ணும் தெரி..."

நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மற்ற நாளில் டோங்காவில் கறுப்பு வெறும் கறுப்புதான். ஆபீசுக்கும் உடுத்துவார்கள். ஆனால் கடலுக்குப் போனவன் திரும்பாத வீட்டில் பெண்டாட்டி கறுப்பு உடுத்தினால் அதற்கு ஒரே அர்த்தம். தேடுகிற படகைக் கரையில் ஏற்றிவிட்டு எல்லோரும் துக்கத்துக்கு வந்துவிடுவார்கள்.

மாமியார் கலோலைனே, மகன் திரும்பாத முதல் நாளே வீட்டிலிருந்த கறுப்புத் துணியையெல்லாம், கருநீலத்தைக்கூட விடாமல், பெட்டியில் போட்டுப் பூட்டினாள். பூட்டியதோடு விடாமல் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். சாப்பாடு, தூக்கம், ஜெபம் எல்லாம் அதன்மேலேயே. அந்த ஆகிருதி ஓரிடத்தில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். பாதிரியாரே வந்து சொல்லியும் அசையவில்லை.

"போய் வாயைக் கழுவிட்டு வா" என்றாள் லெசியேலி. தானியேலா தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இன்னும் இருநூறு படங்களைப் பார்த்தாள். இடம், வலம், இடம், வலம். கழுத்து கல்லாகிப்போயிற்று. ஓரிடத்தில் நீலத்துக்குள் வேறொரு நீலம் இருப்பதுபோல் பட்டது. குனிந்தாள். வெள்ளைச் சட்டையும் குனிந்து அதை விழுங்கியது. விலகினால் தூரம், நெருங்கினால் சட்டை.

"நான்தான் உங்கள மறைச்சுக்கிட்டு நிக்கறேனா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டாள்.

அப்போது தெருவில் ஒரு பெண் ஓவென்று அழுதாள். பிறகு இன்னொருத்தி அழுதாள். யாரோ துக்கப் பாட்டின் முதல் அடியை எடுத்தார்கள். நாலைந்து குரல்கள் சேர்ந்துகொண்டன.

கதவு திறந்தது. கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்பு உடுத்தி, வாசல் நிறைய நின்றாள் கலோலைனே.

உடல் எந்தத் தீவில் ஒதுங்கியது என்று கேட்க லெசியேலி வாயெடுத்தாள்.

கலோலைனே கதவை அடைத்துவிட்டு வந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே, சுருட்டி வைத்திருந்த ஒரு கறுப்பு உடுப்பை மருமகளின் மடியில் போட்டாள்.

"போட்டுக்கிட்டுத் தேடு. தானியேலா சொன்னான். நானும் பின்னாலேயே நின்னு பாக்கறேன், என் சட்டையும் தெரியக் கூடாதில்ல?"

லெசியேலி மெல்ல நிமிர்ந்து அவளை முழுதாகப் பார்த்தாள். துக்கம் காக்கிறவர்கள் கறுப்போடு இடுப்பில் பாய் சுற்றிக்கொள்ளாமல் வாசல் தாண்ட மாட்டார்கள். கலோலைனேயின் இடுப்பில் பாய் இல்லை.

வெளியே பாட்டு இரண்டாம் அடிக்குப் போயிருந்தது.

"யாருடி அங்க, எவன் செத்தான்னு பாடறீங்க?" என்று கலோலைனே ஜன்னல் போர்வையைப் பார்த்துக் கத்தினாள். "வாயை மூடிட்டுப் போய்ப் படகுல பெட்ரோல ஊத்தச் சொல்லுங்கடி!"