மேட்டுக்கு முள்வேலி

எண்பத்து மூன்றாம் வருஷத்துச் சித்திரை வெயில் டிராம்பே கரைச் சேற்றில் பளபளக்கிறது. கோலி மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கருவாடு காயவைத்த மேடு, பட்டா இல்லாததால் சர்க்கார் நிலமாகிவிட்டது. வேலி போட வந்த மேஸ்திரி காஜா மைதீன், ஆள் கிடைக்காமல் மேட்டுக்காரன் பாண்டுரங்கையே கூலிக்கு வைத்திருக்கிறார். அவன் மனைவி மூங்கிலில் தொங்கிய கடைசிப் பொம்பில் மீன் கருவாட்டையும் கூடையில் போட்டுக்கொண்டு, அவனைப் பார்க்காமல் வெளியேறுகிறாள். “மேஸ்திரி, இந்தக் கம்பிய எந்தப் பக்கம் நின்னு கட்டட்டும்?” வேலைக்கூட்டத்தில் பழகிய தமிழில் பாண்டுரங் கேட்கிறான். காஜா மைதீன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். “வெளிய வந்து நில்லுப்பா. உள்ள நின்னா போலீஸு புடிச்சிரும்.” அவன் வெளியே வருகிறான். முள்கம்பியை இழுத்துக் கட்டுகிறான். தளர்வாக இருக்கிறதா என்று தானே அசைத்தும் பார்க்கிறான்.