பெரிய தலைக்கு ஒரு குல்லா

கண்ணுக்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிட்டது.

ரேஷன் கடையிலிருந்து திரும்பி, பையை ஓரமாக வைத்துவிட்டு ஊசிகளைக் கையில் எடுத்தாள். பாதியில் விட்டுப்போன குல்லா நாலு விரல் வளர்ந்திருந்தது.

காதை மூடும் பகுதி அவள் பின்னியது. கண்ணிகள் தளர்வாக, மூச்சு விட இடம் வைத்து உட்கார்ந்திருந்தன. அதற்கு மேல் வந்தவை வேறு மாதிரி. ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

அந்த வீட்டில் இப்படி இறுக்கிப் பின்னுகிற கை ஒன்றுதான்.

உள் அறைக் கதவு சாத்தியிருந்தது.

சின்ன வயதில் கற்றுக்கொடுத்தபோதே மகள் ஜெனிட்டா அப்படித்தான். விட்டால் ஓடிப்போய்விடும் என்பதுபோல நூலைப் பிடித்துக்கொள்வாள். கழுத்தை நெரிக்காதடி, பாவம் அது, என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

இப்போது இருவருக்கும் பேச்சு இல்லை.

ஒரு படம்தான் காரணம். வெள்ளைக் குல்லா போட்டுக்கொண்டு மகள் வாய் நிறையச் சிரிக்கிறாள். பல்லுக்குப் போட்ட கம்பி வெயிலில் மின்னுகிறது. அழகாக இருந்தது. மகளைக் கேட்காமல் கொள்ளாமல், குல்லா விற்கிற தன் இணையப் பக்கத்தில் அம்மா போட்டுவிட்டாள்.

அதுவரை நூறு குல்லாக்களில் ஒன்றாகக் கிடந்த அவள் குல்லாவை, அதன் பிறகு ஓசூரில் கேட்டார்கள். மதுரையில்கூடக் கேட்டார்கள். குளிரே இல்லாத ஊரில்.

அதே படம் வகுப்புப் பிள்ளைகளின் போனிலும் சுற்றியது. கீழே யாரோ எழுதிச் சேர்த்திருந்தார்கள்: குளிருதா செல்லம்?

ஜெனிட்டா வந்து சொன்னாள். அழவில்லை. படத்தை எடுத்துவிடச் சொன்னாள்.

அம்மா சரி என்றாள். எடுக்கவில்லை. அன்றைக்குத்தான் புதிதாகக் கேட்டு எழுதியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வரை இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ஒரு மனது.

ஞாயிற்றுக்கிழமை எடுத்தாள்.

அதுவரை மகள் தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் எல்லாப் பேச்சும் அப்பா வழியாகத்தான்.

"அப்பா, சட்னி வேண்டாம்னு சொல்லு."

"சொல்லிட்டேன். உங்கம்மாவுக்குக் காது நல்லாத்தான் இருக்கு."

"இன்னொரு தோசையும் வேண்டாம்னு சொல்லு."

"அதை நீயே சொல்லிக்க அம்மணி. எனக்கு ஃபேக்டரி பஸ் வந்துரும்."

குல்லாக்களை இப்போது அம்மா எவர்சில்வர் குடத்தைக் கவிழ்த்து, அதன் மேல் மாட்டிப் படம் எடுக்கிறாள். குடமும் சேர்த்துத் தருவீர்களா என்று ஒருவர் எழுதியிருந்தார். வாய்விட்டுச் சிரித்து, பழக்கதோஷத்தில் உள் அறைப் பக்கம் திரும்பினாள்.

கதவு சாத்தியிருந்தது.

இந்தச் சாம்பல் குல்லா பெங்களூரில் ஒரு பெண், தன் அப்பாவுக்காகக் கேட்டது. பெரிய தலை, எண்ணெய்ச் செலவே தனி, என்று எழுதியிருந்தாள். இன்று அனுப்புவதாகப் பேச்சு.

இந்த இறுக்கத்தில் அந்தத் தலை நுழையாது.

பிரித்துத்தான் ஆகவேண்டும். ஊசியை உருவிவிட்டு, நூல் முனையைப் பிடித்து ஒரு இழுப்பு. பின்னல் எப்போதும் மேலிருந்துதான் பிரியும். மகள் பின்னியது முதலில் போகும். தன்னுடையது அப்படியே இருக்கும்.

நூலைப் பிடித்தாள்.

கதவு திறந்தது. ஜெனிட்டா சமையலறைக்குப் போனாள். தண்ணீர் குடிக்கிற சத்தம். திரும்பி வந்தவள் உள்ளே போகவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். அம்மாவைப் பார்க்கவில்லை. அம்மாவின் விரலில் மாட்டியிருந்த நூலைப் பார்த்தாள்.

அப்பா வீட்டில் இல்லை.

"பிரிக்கப் போறியா?"

குன்னூர் முழுக்க ஒரு கணம் சத்தம் நின்றதுபோல இருந்தது.

அவள் நூலை விட்டாள். ஊசியை எடுத்து, இறுகிக் கிடந்த முதல் கண்ணிக்குள் நெம்பி நுழைத்தாள். நுழைந்தது. நூலைச் சுற்றி இழுத்தாள். வழக்கமாக நிறுத்துகிற இடத்தில் நிறுத்தவில்லை. இன்னும் இழுத்தாள். விரலில் கோடு விழுந்தது.

அடுத்த கண்ணி. அதையும் அப்படியே.

போன் மினுங்கியது. பெங்களூர். அனுப்பியாச்சா அக்கா?

இந்த முறை பெங்களூர் காத்திருக்கட்டும். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஊசிகள் கிறீச்சிட்டன. தளர்ந்தே பழகிய கை, ஒவ்வொரு கண்ணிக்கும் மறந்து மறந்து நினைவுபடுத்திக்கொண்டது. மகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்படிப் போட்டா குடத்துமேலகூட ஏறாது."

அவள் குனிந்து அடுத்த கண்ணியையும் இறுக்கினாள். 

மடியிலிருந்த நூல் உருண்டை தவறி விழுந்து, தரையில் உருண்டு, மகளின் காலருகே போய் நின்றது.

ஜெனிட்டா குனிந்து எடுத்தாள். கொண்டுவந்து கொடுக்கவில்லை. எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். உருண்டையை இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

அம்மா இழுக்கும்போதெல்லாம் அது கைக்குள் புரண்டது. இருவருக்கும் நடுவில் நூல் விறைத்து நின்றது.

வரிசை முடிந்தது. ஊசிகளைக் கை மாற்றினாள்.

முதல் கண்ணிக்கு அவள் இழுப்பதற்கு முன்பே, மகளின் கையிலிருந்து ஒரு சுற்று நூல் தளர்ந்து தரையில் விழுந்தது.