பைலியின் நீண்ட ஜெபம்

“மறுபடியும் படுத்துடுச்சு!” உள்ளே இருந்து ரின்சி கத்தினாள்.

சாயங்காலம் ஏழு மணி ஆனால் போதும், மூவாற்றுப்புழை பைலியின் வீட்டில் வைஃபை படுத்துவிடும். ஒரு மணி நேரத்தில் தானாகவே எழுந்தும் விடும். இத்தனை நாளாக இது யாருக்கும் தெரியவில்லை. ஏனென்றால் அது குடும்ப ஜெப நேரம். அப்போது போனைத் தொட்டால் பைலியின் மனைவி ஏலிக்குட்டி கையை ஒடித்துவிடுவாள்.

நாளைக்கு அதே ஏழு மணிக்குத்தான் மகள் ரின்சிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. ஜெர்மனியில் ஆஸ்பத்திரி வேலை. பாதியில் நெட் போனால் வேலையும் போச்சு.

“வேற யாரு? சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கானே, அவன்தான் உறிஞ்சறான்” என்றார் பைலி.

அந்தப் பக்கம் இருப்பது அவருடைய சொந்த அண்ணன் அவுதக்குட்டி. சுவர் தாண்டிச் சாய்ந்த பலாமரத்தை வெட்டியதில் சண்டை வந்து, இருவருக்கும் பேச்சு நின்றுவிட்டது. அதுவரை அவுதக்குட்டி அயர்லாந்துப் பேரனைப் பார்த்ததெல்லாம் தம்பி வீட்டு நெட்டில்தான். மரம் விழுந்த அன்றே பைலி முற்றத்தில் நின்று ஊருக்கே கேட்கும்படி, “மோளே, வைஃபை பேரையும் மாத்து, பாஸ்வேர்டையும் மாத்து!” என்று உத்தரவு போட்டார்.

“மாத்தியாச்சே அப்பச்சா. அப்புறம் எப்படிப் பெரியப்பா உறிஞ்சுவார்?”

“அவன் எமகாதகன்டீ.”

“கூடப்பிறந்தவனை இப்படித் திட்டிட்டு, முட்டி போட்டு ஜெபம் வேற!” ஏலிக்குட்டி நொடித்தாள். “அதுவும் இப்பல்லாம் என்னமா நீட்டறார் மனுஷன்! செத்துப்போன சொந்தக்காரங்க ஒருத்தரையும் விடறதில்ல. என் முட்டி தேஞ்சே போச்சு.”

“உனக்குப் பக்தி பத்தாது. வா, நேரமாச்சு.”

அன்றைக்கு ரின்சிக்கு மட்டும் ஜெபத்திலிருந்து விடுமுறை. வீட்டிலிருக்கும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தாள். டி.வி., அம்மச்சி ஏலிக்குட்டியின் போன், தன் போன். ஒன்றுக்கும் நெட் அசையவில்லை.

மிச்சம் இருந்தது அப்பச்சனின் பழைய லேப்டாப். ‘காத்தோட்டமா இருக்கட்டும், யாரும் தொடாதீங்க’ என்று அவர் ஜன்னலோரம் வைத்திருப்பது. டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதில் எதையாவது நோண்டிக்கொண்டே இருப்பார்.

ரின்சி அதில் வைஃபையை அணைத்தாள். அவள் போனில் நெட் துள்ளி எழுந்தது.

அதே நேரம் சுவருக்கு அந்தப் பக்கம், “ஹலோ? ஹலோ? குட்டா! எங்கடா போனே?” என்று ஒரு தவிப்புக் குரல்.

ஹாலில் அப்பச்சனின் ஜெபமும் சட்டென்று நின்றது.

மறுபடி போட்டாள். நெட் படுத்தது. அங்கே, “ஆங், வந்துட்டான்!” என்று சிரிப்பு. இங்கே ஜெபம் தொடர்ந்தது.

ரின்சி லேப்டாப்புக்குள் நுழைந்து பார்த்தாள். வீட்டு நெட்டை வாங்கி அது வெளியே கொடுத்துக்கொண்டிருந்தது. பேர், அவர்கள் வீட்டு வைஃபையின் பழைய பேர். பாஸ்வேர்டும் பழையதே. அதைத் தெரிந்து வைத்திருந்த ஒரே ஒரு போன், வழக்கம்போலத் தானாகவே வந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கத்து ஜன்னலில் பெரியப்பா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெரிய குரலில் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“உன் சித்தப்பன் சரியான மண்டுடீ! மாத்து மாத்துன்னு குதிச்சானே தவிர, பழைய பாஸ்வேர்டு இன்னும் அப்படியே இருக்கு!”

ரின்சிக்குச் சுருக்கென்றது. விறுவிறுவென்று ஹாலுக்குப் போனாள்.

அப்பச்சன் முட்டி போட்டிருந்தார். ஒரு கண் மூடியிருந்தது. இன்னொரு கண் ஜன்னல் மேல்.

“...எங்க தாத்தாவோட தம்பி ஆன்மாவுக்காகவும், அவரோட மச்சான் ஆன்மாவுக்காகவும்...”

“அந்த மச்சானுக்கு இப்பதானே ஜெபிச்சோம்?” ஏலிக்குட்டி முனகினாள்.

“இது சின்ன மச்சான். பேசாம இரு.”

சுவருக்கு அந்தப் பக்கம், “டாட்டா குட்டா, டாட்டா! நாளைக்குப் பார்க்கலாம்!” என்று கேட்டது.

“ஆமென்” என்று எழுந்தார் பைலி.

ரின்சி நிற்பதைப் பார்த்ததும் குரல் கொஞ்சம் இறங்கியது. “என்ன மோளே... திருடனைக் கண்டுபிடிச்சியா?”

“திருடன் யாருமில்ல அப்பச்சா. நாளைக்கு ஒரு நாள் மட்டும் ஜெபத்தை ஆறு மணிக்கு வச்சுக்கலாமா? பெரியப்பாவோட பேரன் அப்பவும் முழிச்சிட்டுத்தான் இருப்பான்.”