காக்கையின் சந்தேகம்

வேப்பமரத்து அணிலுக்குக் காலையிலிருந்தே நெஞ்சு படபடத்தது. மேல்கிளைக் காக்கைக் கூட்டிலிருந்து ஒரு கொத்துப் பஞ்சை அது சொல்லாமல் எடுத்து வந்து, தன் குட்டிகளுக்கு மெத்தை போட்டிருந்தது.

காக்கை இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. "தங்கச்சி, எனக்கு ஒரு சந்தேகம்."

போச்சு! அணிலின் வால் விறைத்துக்கொண்டது. "என் மேலயா அக்கா? ஆமா, பஞ்சை நான்தான் எடுத்தேன். குட்டிங்களுக்குக் குளிருதேன்னு..."

"எந்தப் பஞ்சு? அட, அதுவா! கேட்டிருந்தா இன்னும் தந்திருப்பேனே. உன் மேல சந்தேகம் இல்லடி, உன்கிட்டதான் சந்தேகம். என் பிள்ளைங்கள்ல ஒண்ணு மட்டும் 'குக்கூ'ன்னு பாடுது. அதுக்கு யார் குரல் வந்திருக்கு?"

மேலேயிருந்து 'குக்கூ' என்று கேட்டது. அது குயில் குஞ்சு என்று அணிலுக்கு உடனே புரிந்துவிட்டது. பஞ்சு மெத்தையை ஒருமுறை பார்த்தது. காக்கையின் முகத்தை ஒருமுறை பார்த்தது.

"இது ஒரு கேள்வியா அக்கா? அச்சு அசல் உன் குரல்தான். சந்தேகமே இல்லை!"

காக்கைக்குத் தலைகால் புரியவில்லை. உச்சிக் கிளைக்குப் பறந்து போய், பொழுது சாயும்வரை பாடிக்கொண்டே இருந்தது. தெருவே காதைப் பொத்திக்கொண்டது. அணில் மட்டும் வாலால் தாளம் போட்டது.