தணிகைவேலின் தாடை

சுங்கத்தில் அதிகாரிகளை நீக்கிவிட்டு, அவர்கள் இடத்தில் பேசும் கதவுகளை வைத்தபோது, அவற்றுக்குப் பாடம் நடத்தியவரே, இறக்குமதிச் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் தணிகைவேல்தான். வந்திறங்குவது மரம் அறுக்கும் இயந்திரமா, கல் அறுக்கும் இயந்திரமா என்று, வரி குறைவான வகைக்காக வாதாடியே மாடி வீடு கட்டியவர். "பேர் எதுவா இருந்தா என்ன? எது மேல வேலை செய்யுதோ, அதுதான் அதோட வகை" என்பது அவர் வாயில் ஓயாத வசனம்.

பினாங்கு மருத்துவமனையில் பொருத்திக்கொண்ட மோட்டார் தாடையோடு அவர் ஊர் திரும்பினார். விமான நிலையக் கதவு வழிமறித்தது.

"சார், வாயில இயந்திரம் இருக்கே, எதைக் கடிப்பீங்க?"

அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. "நல்லி எலும்பைக்கூடப் பொடியாக்கிடும்!"

"எலும்பா? அப்ப மரம், எலும்பு மாதிரி கடினப் பொருள் மேல வேலை செய்யற இயந்திரம். தொழிற்சாலை உரிமம் இருக்கா?"

"யோவ், இது என் பல்லுய்யா!"

"பேர் எதுவா இருந்தா என்ன, சார்?" என்றது கதவு, அவர் குரலிலேயே.

இரண்டு இரும்புக் கைகள் நீண்டு, தாடையைப் பக்குவமாகக் கழற்றி, சீட்டு ஒட்டிக் கிடங்குக்கு அனுப்பின.

"மறுப்பு இருந்தா இப்பவே வாயால சொல்லணும். எழுதிக் கொடுத்தா செல்லாது" என்றது கதவு.

எழுத விட்டால் வேலை தேங்கும் என்று அந்த விதியைப் போடவைத்தவரும் அவர்தான்.

தணிகைவேல் தொண்டை கிழியக் கத்தினார். காற்றும் எச்சிலும்தான் வந்தன.

கதவு கடைசிவரை பொறுமையாகக் கேட்டது.

"மறுப்பு இல்லை. நன்றி, சார்" என்று வழிவிட்டது.